மீதி முப்பது நிமிஷம்

"கடியாரத்துல கை வச்சவன் யாருன்னு தெரியாம இன்னிக்கு ஒருத்தனும் ஊட்டுக்குப் போவ முடியாது."

சூப்பர்வைசர் துளசிராமன் போட்ட சத்தத்தில் குப்புராஜ் வரிசையில் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். கை வைத்தவன் அவன்தானே.

தேர்வாய் கண்டிகையில் அலுமினியம் உருக்கி வண்டி பாகங்கள் வார்க்கிற கம்பெனி அது. வாட்ச், போன், மோதிரம் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷெட்டுக்குள் மணி பார்க்கத் தூணில் மாட்டிய அந்த ஒரு கடிகாரம்தான். அதற்கும் கண்ணாடி உடைந்து ரெண்டு வருஷமாகிறது.

துளசிராமன் பத்து நாளாக விரதம். சாமி விரதமில்லை, தொப்பை விரதம். மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் பட்டன் சேரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் மதியம் ஒரு மணி வரைக்கும் ஒன்றும் கூடாது என்று போனில் யாரோ சொல்லிவிட்டார். தண்ணீர் மட்டும் நன்றாகக் குடிக்கணும் என்றும் அதே ஆள்தான் சொன்னார். அதை மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணியையும் விட்டால் ரெண்டு மடங்கு இளைக்கலாம் என்பது இவரே கண்டுபிடித்தது.

கத்திரி வெயில், பக்கத்தில் ஃபர்னஸ். நேற்று அங்கேயே கண் சொருகி ஆடினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சஹாபுதீன் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"சார், நாங்க மாசம் முழுக்க நோன்பு வைக்கிறவங்க. எங்களுக்கே ஒடம்புக்கு முடியலன்னா உட்டுட்டு வேற நாள்ல வச்சிக்கோன்னுதான் சொல்லிக்கீது. உங்களை யாரு சார் தண்ணி குடிக்க வேணாம்னது?"

"மனசுல உறுதி வேணும் பாய்," என்றார் துளசிராமன், தரையில் உட்கார்ந்தபடியே.

இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று குப்புராஜுக்குத் தெரிந்துவிட்டது. இன்று காலை எல்லாரும் நாஷ்டாவுக்குப் போக, துளசிராமன் மட்டும் வழக்கம்போல ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தார். குப்புராஜ் திரும்பி வந்தபோது தூணடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கால் வளைந்து கிடந்தது. வண்டி இடித்திருக்கும் என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, டிரம் மேல் ஏறிப் பெரிய முள்ளைப் பத்து நிமிஷம் நகர்த்தினான். பாவம், பத்து நிமிஷம் முன்னாடியாவது சாப்பிடட்டுமே.

கடிகாரம் ஒரு மணி காட்டியதும் துளசிராமன் டப்பாவைத் திறந்தார். நாலு வாய் போயிருக்காது, மேனேஜர் வந்து நின்றார்.

"என்ன துளசி, பதினோரு மணிக்கே சோறா?"

கடிகாரம் முழுசாக ரெண்டு மணி நேரம் முன்னால் ஓடியிருந்தது. மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவதே அதைப் பார்த்துத்தான். ஓடாத ரெண்டு மணி நேரத்துக்கு பீஸ் எங்கே என்று மேனேஜர் குதித்தார். ஷிஃப்ட் முடிவதற்குள் ஆள் பேர் வேண்டும், அந்த ஆள் அப்படியே கேட்டுக்கு வெளியே என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குத்தான் இப்போது எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து இந்தச் சத்தம்.

குப்புராஜ் காண்ட்ராக்ட் ஆள். மூணு வருஷமாகக் காத்திருந்த பர்மனென்ட் லிஸ்ட் அடுத்த வாரம் வருகிறது. வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பான். ஆனால் துளசிராமன் நேராகப் போய், கூட்டிப் பெருக்கும் சின்னப்பொண்ணு எதிரில் நின்றார்.

"தூணாண்ட எப்பவும் நிக்கிறது நீதான்."

குப்புராஜுக்குப் பொறுக்கவில்லை. "அக்காவை உடுங்க சார். நான்தான். பத்து நிமிஷம்."

"ரெண்டு மணி நேரம்டா."

"சத்தியமா பத்து நிமிஷம்தான் சார். நேத்து நீங்க உழப் பாத்தீங்களே, அதான் மனசு கேக்கல. மீதி எனக்குத் தெரியாது."

சஹாபுதீன் தொண்டையைச் செருமினார். "இருபது நிமிஷம் நானு."

"நான் ஒரு அர மணி," என்றாள் சின்னப்பொண்ணு. "தொடப்பக் கட்டையால தள்ளுனேன். கால் மணின்னுதான் நெனச்சேன், முள்ளு வழுக்கிக்கினு போயிடுச்சு."

பீஸ் அளந்து பார்க்கும் ராபினும் கையைத் தூக்கினான். அவனும் அரை மணி. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் ஆளாளுக்கு அந்த முள்ளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

துளசிராமன் இருபத்திரண்டு வருஷம் அந்தப் போர்டில் கணக்கு எழுதின மனுஷன். கண்ணில் தண்ணி முட்ட, மார்க்கரை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். தொண்ணூறு நிமிஷம்.

"முப்பது நிமிஷம் இடிக்குதே," என்றான் ராபின்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"யாருன்னு தெரிஞ்சுதா துளசி?"

குப்புராஜ் ஒரு அடி முன்னால் வைத்தான். துளசிராமன் கையை நீட்டி அவனை மறித்தார்.

"நான்தான் சார். பசி தாங்கல."

"ரெண்டு மணி நேரமுமா?"

"ரெண்டு மணி நேரமும்."

மேனேஜர் அவருடைய தொப்பையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இத்தனை வருஷத்து ஆளை எப்படி வெளியே அனுப்புவது? "மெமோ வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

குப்புராஜ் ஓடிப்போய்த் தண்ணி பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான். துளசிராமன் மணி பார்க்காமல் மடமடவென்று முழுசையும் குடித்தார்.

"எங்களுக்காகப் பொய் சொல்லி மெமோ வாங்கிக்கினீங்களே சார்," என்றான்.

துளசிராமன் அந்தக் கால் வளைந்த ஸ்டூலை மெல்ல டேபிளுக்கு அடியில் தள்ளினார்.

"முழுசும் பொய்யின்னு சொல்ல முடியாதுப்பா. அந்த முப்பது நிமிஷம் நான்தான்."