சம்பந்தி வீட்டுத் தண்ணீர்

செவ்வாய்க்குப் போகிற விண்கப்பலிலேயே வடிவாம்பாளின் மகள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் எல்லோருக்கும் சந்தனம் நீட்டினார், வடிவாம்பாளுக்கு மட்டும் நீட்டவில்லை. கிண்ணம் தானாக மிதந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது என்று அவர் சொன்னதை அவள் நம்பத் தயாராக இல்லை.

"செத்தாலும் இனி உங்க வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் தொண்டையில எறங்காது" என்று சபையில் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் தண்ணீர்ப் பையை வாயில் வைக்கும்போதுதான் உறைத்தது. கப்பலுக்கே ஒரு தொட்டிதான். அத்தனை பேருடைய வியர்வையும் மூச்சும் மூத்திரமும் சுத்தமாகி அதில்தான் திரும்பி வருகிறது. ஏகாம்பரத்தினுடையதும்தான். பையை அப்படியே வைத்துவிட்டாள்.

இரண்டு நாளில் உதடு வெடித்தது. காலில் விழுந்து கெஞ்சப் போன மகள், எடையில்லாத இடத்தில் விழ முடியாமல் கூரையில் முட்டிக்கொண்டாள். வேறு வழியின்றி கேப்டன் சூசை கப்பலைத் திருப்பி, ஒரு வால்நட்சத்திரத்தில் பனிக்கட்டி வெட்டி, உருக்கிக் கொண்டுவந்தார்.

"குடிங்கம்மா. உலகம் உண்டான நாள்ல இருந்து இது ஒரு மனுஷன் வாயிலயும் பட்டதில்ல."

வடிவாம்பாள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருமே குடிச்சதில்லையா?"

"சத்தியமா யாருமே இல்லம்மா."

பையை அவர் கையிலேயே திணித்தாள்.

"அப்ப இத எப்படி நம்பிக் குடிக்கிறது? மொதல்ல சம்பந்திக்குக் குடுங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் குடிக்கிறேன்."