அரை வாளித் தண்ணீர்

"அந்த ஆளெல்லாம் ஒரு மனுஷனா? பொண்டாட்டி ஆசையா வச்ச மரம். போன வருஷம் ஏதோ மழை வந்து காப்பாத்துச்சு. ஒரு சொம்பு தண்ணி ஊத்தக்கூடவா கை வராது?"

இஸ்திரிக்காரர் வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னார். பூட்டுக்காரர் காதில் விழட்டும் என்று.

விழுந்தது. ஆனால் பூட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. சாவியை ராவிக்கொண்டே இருந்தார். ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் திறந்துவிடுகிற மனுஷன், தன் வாயை மட்டும் லேசில் திறக்க மாட்டார். மனைவி போன பிறகு சுத்தம்.

கடை வாசலில் அந்த மரம் இலையெல்லாம் கொட்டி, வெறும் குச்சியாக நின்றது. லபாச்சோ என்று பெயர். தென்னமெரிக்க மரமாம். போகிறவர் வருகிறவர் எல்லாம், 'ஐயோ பாவம், பட்டுப்போச்சே' என்று உச்சுக்கொட்டினார்கள்.

பட்டெல்லாம் போகவில்லை. நர்சரிக்காரர் கன்றைக் கொடுத்த அன்றைக்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்.

"வைரம் பாஞ்ச ஜாதிங்க இது. கோடாலி வச்சா கோடாலிதான் மழுங்கும். சின்னதுல தினமும் தண்ணி ஊத்துங்க. ஆளுயரம் தாண்டிட்டா, வெயில் காலத்துல ஒரு சொட்டுக்கூடக் கூடாது. இலை கொட்டும், செத்த மாதிரி நிக்கும். மனசு கேக்காம தண்ணி ஊத்தினீங்க, வெறும் இலைதான் வரும். காயப் போட்டாத்தான் பூ. பூத்துச்சுன்னா ஒரு இலை தெரியாது, மரம் பூரா ரோஸ்!"

அந்த ரோஸைப் பார்க்கப் பூட்டுக்காரர் மனைவி ஆலாய்ப் பறந்தாள். கொடுத்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாருங்க. நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரிதான்" என்றாள்.

அதற்காகத்தான் பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைக் காயப் போட்டார். ஏசுகிறவர்கள் ஏசட்டும். சாயங்காலம் ஷட்டரை இறக்கினால், கடைக்குப் பின்னாலேயே பேச்சுக்கு ஆளில்லாத வீடு. ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பூ ஒன்றுதான்.

ஆனால் போன வருஷம் பூக்கவில்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. இலைதான் வந்தது. கோடை மழை மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இந்த வருஷம் மழையே இல்லை. ஏதோ தோன்றி, மரத்தடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

ஈரம்!

அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "எவன்டா அது? கையில மாட்டட்டும், இருக்கு!"

மறுநாள் மத்தியானம், தெருவே கண்ணயர்ந்து கிடக்கிற நேரம். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே காத்திருந்தார்.

மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம். ஒரு கையில் வாளி, ஒரு கை சுவரில். மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா!

தையல்காரம்மாவும் ஒண்டிக்கட்டைதான். ராத்திரியில் மிஷின் ஓட்டித் தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்று எப்போதோ அவர் சண்டை பிடித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அவர் மனைவிக்கு மட்டும் உயிர்த்தோழி.

'இவளா? பழைய கோபத்தை மரத்து மேலயா காட்டுறா?'

சீறிக்கொண்டு எழுந்தவர், பேச்சுச் சத்தம் கேட்டு நின்றார். தையல்காரம்மா வாளியைச் சாய்த்துக்கொண்டே மரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"குடிடி, குடி. உன் வீட்டுக்காரர் இன்னைக்கும் அடுப்புப் பத்த வைக்கல போலிருக்கு. சமையல் வாசனையே இல்ல. நான் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தா மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடுவாரோன்னு பயமா இருக்குடி..."

ஷட்டர் படாரென்று மேலே போனது. வாளி கைநழுவி உருண்டது.

"சார்... மன்னிச்சிடுங்க சார்! கேக்காம ஊத்தினது தப்புதான்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"தெருவே உங்களை வாய்க்கு வந்தபடி பேசுது. மரம் பட்டுப்போச்சுன்னா அந்தப் பழி ஆயுசுக்கும் உங்களை விடாதேன்னுதான் சார்... அவ இருந்தப்ப, இது சின்னக் கன்னா இருக்கையில, ரெண்டு பேரும் இதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே கதை பேசுவோம். இப்ப நாள் பூரா மிஷின் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இங்க வந்து அரை வாளி ஊத்தினாத்தான் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசின மாதிரி இருக்கு. வேணாம்னா சொல்லுங்க, இனிமே வரல."

'உன் தண்ணியாலதான் பூக்கல.'

வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் போதும், இந்த வெயிலிலேயே மரம் ரோஸாகிவிடும். ஆனால் இவள்? தோழியின் மரத்தைத் தானே கெடுத்துவிட்டோம் என்று மருகி மருகியே சாவாள். அப்புறம் மாடியை விட்டு இறங்க மாட்டாள்.

பூட்டுக்காரர் கிளைகளை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாயைத் திறந்து, வாளி நிறையப் பிடித்து, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"அரை வாளி எந்த மூலைக்கும்மா?" என்றார். "பாவம், காஞ்சு கெடக்கு. நாளையிலேர்ந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மாடியிலேர்ந்து தூக்கிட்டு வராதீங்க. நம்ம வீட்டுக் குழாயிலயே பிடிச்சு ஊத்துங்க."