மைக் முன்னால் ஒரு தையல்காரி

நகராட்சிக் கூட்டம் இன்று முதல் நேரலையில் ஓடுகிறது. கேமராவின் சிவப்பு விளக்கு, மைக் முன்னால் நிற்கும் தையல்காரியின் மூக்குக்கண்ணாடியில் மினுங்குகிறது. புதிதாகக் கட்டிய குடிநீர்த் தொட்டி அதற்குள் ஏன் விரிசல் விட்டது என்று கேட்டுவிட்டு நிற்கிறாள். தொட்டியைக் கட்டிய கான்ட்ராக்டர் பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "கேள்வி கேக்கறவங்க வீட்டு விலாசத்தையும் சொல்லணும்மா. இனிமே எல்லாமே வெளிப்படைதான்," என்று தலைவர் சிரிக்கிறார். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை அவள் விரல் வெளுக்கும்வரை சுற்றி இறுக்குகிறாள். கான்ட்ராக்டர் எழுந்து வந்து, மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார். "எனக்கு உங்க வீடு தெரியும்க்கா. மத்தவங்களுக்குச் சொல்லுங்க." கையை எடுக்கிறார். அவளுடைய மூச்சு மட்டும் ஊர் முழுக்கக் கேட்கிறது.