முன்பக்கத்துச் சத்தம்

"ஏலே சுருளி, மாத்துனேன் மாத்துனேன்னு சொன்னியே, எதை மாத்துன? உன் சட்டையையா?"

தேனி ஒர்க்‌ஷாப்புக்குள் காரை நிறுத்தியதுமே சின்னச்சாமி ஆரம்பித்துவிட்டார். ஊரில் உள்ள மெக்கானிக் எல்லாருமே திருடர்கள். அதில் சுருளிராஜன் கொஞ்சம் சிரித்த முகத் திருடன் என்பது அவர் கணிப்பு.

"முன்வீலு பால் ஜாயிண்ட், லிங்க் ராடு ரெண்டும் புதுசுங்கய்யா. போன வாரம் நீங்க பக்கத்துலயே உக்காந்துதான பாத்தீக?"

"பாத்தேன். நீ காட்டுன கண்கட்டு வித்தையையும் பாத்தேன். பள்ளத்துல இறங்குனா முன்னாடி கடகடன்னு அடிக்குது. என் மக நெறமாசம். நாளைக்கு இதுலதான் ஜெயமங்கலத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கு வரணும். வழியில வீலு கழண்டு ஓடுனா, நீ வந்து பிரசவம் பாப்பியா?"

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. சுருளி காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தான். எந்த ஆட்டமும் இல்லை.

"ஓட்டுங்கய்யா, நானும் வாரேன்" என்று பக்கத்து சீட்டில் ஏறினான்.

வேகத்தடையில் ஏறி இறங்கியதும் சத்தம் வந்தது. கூடவே சுருளியின் குதிகாலில் ஏதோ நங்கென்று இடித்தது. குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை இழுத்தான். உள்ளே பழைய பால் ஜாயிண்ட், பழைய லிங்க் ராடு.

"என்னய்யா இது?"

"விட்டுட்டுப் போனா அடுத்தவன் வண்டியில மாட்டிப் புதுசுன்னு சொல்லிருவியே! அதான் நீ அசந்த நேரம் எடுத்துட்டேன்."

"இதுதாங்கய்யா உருண்டு சத்தம் போடுது. விடுங்க, குப்பையில போட்டுர்றேன்."

சின்னச்சாமி வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பையை வெடுக்கென்று பிடுங்கினார்.

"நாளைக்கு இதை மாப்பிள்ளை மடியில வச்சுக்கிட்டு வரட்டும். அவரு சும்மாதான வாராரு."