இரண்டாம் வயலின் மட்டும்

பியானோ மூடி அவளுடைய வலது கை மீது விழுந்தது.

விழவில்லை. அறைந்து மூடினான்.

முதலில் சத்தம்தான் கேட்டது, ஈர விறகு முறிவதுபோல. வலி அதற்குப் பிறகே வந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மூடியின் மேல் கிளமென்டின் இரண்டு உள்ளங்கைகள். அவற்றை அவன் இன்னும் எடுக்கவில்லை. உடம்பின் முழுக் கனத்தையும் அதில் சாய்த்திருந்தான்.

இருவரும் ஒரே வகுப்பு. ஆர்கெஸ்ட்ரா நடத்துவதில் முதுகலை, கடைசி ஆண்டு. இறுதிக் கச்சேரியை நடத்த ஒருவருக்குத்தான் இடம். கால் மணி நேரத்துக்கு முன்புதான் பலகையில் பெயரை ஒட்டியிருந்தார்கள்.

ஹெப்சிபா.

"இப்ப நடத்து, பார்க்கலாம்," என்றான்.

மூன்று விரல்கள் முறிந்திருந்தன. ஒன்றில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

கல்லூரி முதல்வர் ஆஸ்பத்திரிக்கே வந்து விசாரித்தார்.

"மூடி தானா விழுந்துச்சு சார்," என்றாள் ஹெப்சிபா.

கட்டிலருகே அமுதினி நின்றிருந்தாள். அறைத்தோழி, ஆர்கெஸ்ட்ராவில் ஓபோ என்ற குழல் வாசிப்பவள். அன்று கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள்.

முதல்வர் போன பிறகு அமுதினி அழுதாள்.

"ஏன்டி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனைத் துரத்தியிருப்பாங்க."

"அவன் அங்கதான்டி இருக்கணும்."

ஐந்து வாரம். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் குச்சியான பேட்டனை இடது கையில் பிடித்துப் பழகினாள். வலது கை வலியில் துடிக்கும்போதெல்லாம் இடது கை தாளம் தப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவாள். அமுதினிதான் தலை பின்னிவிட்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள்.

ஒத்திகைக்கு ஐம்பது பேர் வந்திருந்தார்கள். இரண்டாம் வயலின் வரிசையில் முதல் நாற்காலி கிளமென்டுக்கு. கச்சேரியில் வாசிக்காவிட்டால் அவனுக்குப் பட்டம் கிடையாது.

அவள் மேடை ஏறினாள். கழுத்திலிருந்து தொங்கிய துணிக்குள் மாவுக்கட்டுப் போட்ட கை.

அவன் குனிந்துகொண்டான்.

சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், வேகமான இடத்தில் நிறுத்தினாள்.

"இரண்டாம் வயலின். கிளமென்ட் மட்டும்."

வாசித்தான். நன்றாகவே வாசித்தான்.

"மறுபடியும்."

வாசித்தான்.

"மறுபடியும். இன்னும் வேகமா."

பத்தாவது தடவை வில் நடுங்கியது. பதினைந்தாவது தடவை சுரம் பிசகியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இருபதுக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

கம்பி அவன் விரல் நுனியைக் கிழித்துவிட்டது. ரத்தம் வயலினின் கழுத்தில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. பக்கத்து நாற்காலிப் பெண் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

அவன் வயலினை இறக்கினான். எழுந்து நின்றான்.

"ஹெப்சி, எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். அன்னிக்கு அந்த மூடிய..."

"ஒத்திகையில பேசக் கூடாது."

"என்னைச் சொல்ல விடு."

"உக்காரு. வாசி."

உட்கார்ந்தான். கண்ணீர் தாடையில் வழிந்து வயலின் மேல் சொட்டியது. துடைக்கக் கையில்லை. வாசித்தான்.

இந்த முறை ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் அப்படி வாசித்ததில்லை. ஐம்பது பேரும் மூச்சை விட்டார்கள். வயலின்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வில்லால் இசைத்தாள் ஸ்டாண்டில் தட்டிப் பாராட்டினார்கள்.

அவள் தட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"மறுபடியும்."

யாரும் அசையவில்லை.

அமுதினி மட்டும் ஓபோவைத் துண்டு துண்டாகக் கழற்றினாள். ஒவ்வொன்றையும் நிதானமாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, மேடையைக் கடந்து, வெளியே போனாள்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஹெப்சிபா திரும்பிப் பார்க்கவில்லை. உயர்த்திய இடது கை நடுங்கவே இல்லை.