தலைக்கு ஒரு துணி

ஜெபம் என்றாலே ஹெப்சிபாவின் கை தானாகத் தலைக்குப் போகும். முக்காடு இடாமல் அவள் வீட்டுப் பெண்கள் ஆண்டவரிடம் பேசியதில்லை. மருத்துவமனைச் சீருடையில் முந்தானையும் இல்லை, துப்பட்டாவும் இல்லை. போன மாதம் ஒரு நோயாளியின் அருகே கைக்குட்டையைத் தலையில் போட்டுக் கண்மூடி நின்றதற்கு, இன்னொரு தடவை பார்த்தால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜன்னலோரப் படுக்கையில் இருந்த தங்கையா, அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார்.

"நம்ம பிள்ளையா நீ? எனக்கு ஒரு ஜெபம் பண்ணு தாயீ. எங்க பாஸ்டர் மாதிரி நீட்டிராத, மூச்சு வாங்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேற்பார்வை நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டர் பார்த்துட்டுப் போகட்டும் ஐயா. வந்து பண்றேன்."

"வந்துருவேல்லா?"

"கண்டிப்பா."

அவள் வந்தபோது ஆயா மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டாரு சிஸ்டர். மூச்சு நிக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பிள்ள வந்துட்டாளான்னு ரெண்டு தடவை கேட்டாரு."

ஆயா வெளியே போனதும் ஹெப்சிபா புது விரிப்பை உதறி விரித்தாள். அதன் ஒரு முனையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, தலைவலியா?" பின்னாலிருந்து மேற்பார்வை நர்ஸ் கேட்டாள்.

"ஆமா மேடம்."

விரிப்பை இறக்கி, மெத்தைக்கு அடியில் சொருகினாள். நிமிர்ந்தபோது கை மறுபடியும் தலைக்குப் போயிருந்தது. முடியை ஒதுக்குவதுபோல் அதை அங்கேயே வைத்திருந்தாள்.