முதல் நூறு மீட்டர்

1993-இல் மாவட்ட ரிலேயில் ஜெயித்த எங்கள் நால்வரையும் இருபது வருடம் கழித்து, திண்டிவனத்தில் நாங்கள் படித்த கான்வென்ட் பள்ளி பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டது. மூவர்தான் போனோம். முதல் ஆளாக ஓடும் ஜெசிந்தா இறந்துபோயிருந்தாள். இரண்டாவதாக ஓடும் என்னிடம் ரிலே கட்டையைக் கொடுக்கும்போது "ஜல்தி!" என்று காதைக் கிழிப்பவள்.

"ஒரு ரவுண்டு ஓடிக் காட்டுங்கடி!" என்றார் சிஸ்டர். பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். ஜெசிந்தாவுக்குப் பதில் புது பி.டி. மிஸ் ஓடுவதாக ஏற்பாடு.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் இடத்தில் நின்றேன். கட்டை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். நீட்டினேன்.

"ஜல்தி!"

கட்டை உள்ளங்கையில் வந்து விழுந்தது. பறந்தேன். நான் பவானியிடம் கொடுக்க, பவானி சூர்யகலாவிடம் கொடுக்க, மைதானமே கத்தியது.

முதல் ஆள் புறப்படும் கோட்டிலேயே சூர்யகலா ஓடி முடித்தாள். மூச்சிரைக்க நாங்களும் போய்ச் சேர்ந்தோம். பி.டி. மிஸ் அங்கேயே நின்றிருந்தார், கையில் கட்டையோடு.

"இன்னாக்கா, நான் இன்னும் கெளம்பவே இல்ல. அதுக்குள்ள ஓடிட்டு வந்துட்டீங்க?"

சூர்யகலா கையிலும் ஒரு கட்டை இருந்தது. மூவரும் தொட்டுப் பார்த்தோம். வியர்வையில் பிசுபிசுத்தது.

"இன்னொரு ரவுண்டு போலாமாடி?" என்றாள் பவானி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் என் இடத்துக்கு ஓடிப்போய், திரும்பிப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டிவிட்டேன்.